மூத்தவளின் துடைப்பம்

டாரட் கட்டில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றில் 13ஆம் எண் சீட்டை யாரும் விரும்பி எடுப்பதில்லை. கறுப்புக் கவசம் அணிந்த எலும்புக்கூடு ஒன்று வெள்ளைக் குதிரைமேல் வருகிறது. அதன் கையில் கறுப்புக் கொடி, கொடியில் வெள்ளை ரோஜா. குதிரையின் காலடியில் ஓர் அரசன் விழுந்து கிடக்கிறான். பொன்னாடை உடுத்த மதகுரு கைகூப்பி நிற்கிறார். ஓர் இளம்பெண் மண்டியிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு குழந்தை மட்டும் நேருக்கு நேர் பார்க்கிறது. அடியில் ஒரே சொல்: மரணம்.

இந்தப் படத்தை வரைந்தவர் ஒரு பெண். பமேலா கோல்மன் ஸ்மித் என்று பெயர். ஆர்தர் எட்வர்டு வெய்ட் என்பவர் கேட்டுக்கொண்டபடி கட்டு முழுவதையும் அவர்தான் வரைந்தார். லண்டன் ரைடர் நிறுவனம் அதை 1909இல் வெளியிட்டது. வேலை பெரிது, கூலி சொற்பம் என்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். உலகம் முழுக்க விற்ற அந்தக் கட்டுக்கு வெளியீட்டாளர் பெயரும் வெய்ட் பெயரும் ஒட்டிக்கொண்டன. வரைந்தவள் பெயர் பல காலம் விடுபட்டுப்போயிற்று. 1951இல் அவர் கடனோடு இறந்தார். இந்த விவரம் நம் ஊர் டாரட் வாசிப்பவர்களின் பேச்சில் வருவதே இல்லை. அவர்கள் சொல்வதெல்லாம் வேறு. "பயப்படாதீங்க, இது சாவு இல்ல, மாற்றம். பழசு ஒண்ணு முடியுது, புதுசு ஒண்ணு தொடங்குது. கொடியில ரோஜா இருக்கு பாருங்க. பின்னால சூரியன் இருக்கு பாருங்க."

சில மாதங்களுக்கு முன் என் மாணவிகள் நாலைந்து பேர் ஏற்காட்டுக்குப் போயிருந்தார்கள். தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்பறையில் ஒரு பெண் துணி விரித்துச் சீட்டு வாசித்துக்கொண்டிருந்தாராம். இவர்களில் ஒருத்திக்கு 13ஆம் சீட்டு வந்தது. மேலே சொன்ன அதே ஆறுதலும் வந்தது. திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் என் மேசைக்கு வந்தவள் சொன்னாள்: "மேடம், எலும்புக்கூட்டுக்கே நல்ல அர்த்தம் சொல்றாங்க. என் நட்சத்திரத்துக்கு இதுவரைக்கும் ஒருத்தர்கூட சொன்னதில்ல."

அவளுடைய நட்சத்திரம் கேட்டை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அவளுடைய அந்த ஒரு வாக்கியம்தான்.

எங்கள் ஊர் குப்பனூர். சேலத்திலிருந்து அயோத்தியாப்பட்டணம் வழியாக வந்தால் சேர்வராயன் மலையின் அடிவாரம். கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் சாலை இங்கிருந்து தொடங்குகிறது. மலை ஏறுபவர்களும் இறங்குபவர்களும் டீ குடிக்க நிற்கும் இடம் என்பதால் கிளி ஜோசியக்காரர்கள் வந்து உட்கார்வதும் உண்டு. டாரட் நமக்குப் புதிது, சீட்டு புதிதல்ல. ஜோசியர் கூண்டைத் திறப்பார். கிளி நடந்து வெளியே வரும். அடுக்கிலிருந்து ஒரு சீட்டை அலகால் இழுத்துப் போடும். ஒரு நெல்மணி வாங்கிக்கொண்டு தானே கூண்டுக்குள் திரும்பிப் போகும். சீட்டுகள் பொதுவாக 27, நட்சத்திரங்களின் கணக்கு. முருகன், மீனாட்சி, வேளாங்கண்ணி மாதா என்று எல்லாரும் ஒரே அடுக்கில் இருப்பார்கள். சமய நல்லிணக்கத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை எந்த அரசு விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

அந்தக் கிளியை இப்போது சட்டம் பாதுகாக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். 2024 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில், கடலூர்த் தொகுதி வேட்பாளர் ஒருவருக்கு வெற்றி என்று சீட்டு எடுத்துக் கொடுத்த கிளியின் உரிமையாளரை வனத்துறை பிடித்துக்கொண்டு போனது எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. கிளியின் விடுதலையில் எனக்கு மகிழ்ச்சியே. சீட்டில் எழுதப்பட்டவளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

நான் பார்த்த கிளி ஜோசியக் கட்டுகள் எதிலும் மூதேவியின் படம் இல்லை. அவளை அடுக்கில் வைத்தால் யாரும் காசு கொடுக்கமாட்டார்கள். ஆனால் கிளியே தேவைப்படாமல் நம் வீடுகளில் அன்றாடம் எடுக்கப்படும் சீட்டு அவள்தான். விடிந்தும் எழாத பெண் மூதேவி. விளக்கு வைத்த பிறகு தலை வாருபவள் மூதேவி. அந்தியில் வீடு கூட்டுபவள், தலைவிரி கோலமாக வாசலில் நிற்பவள், எதிர்த்துப் பேசுபவள், பரீட்சையில் தேறாதவள், ஒன்றும் செய்யாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தவள். குப்பனூரிலிருந்து விடிவதற்கு முன்பே எழுந்து சோறாக்கி வைத்துவிட்டுக் காப்பித் தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களும் வாரத்தில் ஒருநாளாவது இந்தச் சொல்லை வாங்காமல் இருப்பதில்லை. சோம்பலின் தெய்வம் என்ற பட்டம் தூங்க நேரமே இல்லாதவர்கள் தலையில் விழுகிறது. நாள் முழுக்கத் திண்ணையில் சீட்டாடுகிறவனை யாரும் மூதேவன் என்பதில்லை, அந்தச் சொல்லே தமிழில் கிடையாது.

இந்தச் சீட்டைக் கொஞ்சம் வாசித்துப் பார்ப்போம். டாரட் வாசிப்பவர்கள் எலும்புக்கூட்டின் கொடியில் ரோஜாவைத் தேடுகிற பொறுமையில் பாதி போதும்.

கல்லில் அவள் எப்படி இருக்கிறாள்? காஞ்சி கைலாசநாதர் கோயிலில் இருக்கிறாள், திருப்பரங்குன்றத்துக் குடைவரையில் இருக்கிறாள், ஏரிக்கரைகளில் பாதி புதைந்து கிடக்கிறாள், அருங்காட்சியகத் தாழ்வாரங்களில் வரிசையாக இருக்கிறாள். இரண்டு கை. காலைத் தொங்கவிட்டு அகல உட்கார்ந்த கோலம். சரிந்த கனத்த முலைகள், பெருத்த வயிறு. ஒரு பக்கம் காளை முகம் கொண்ட மகன், மறுபக்கம் மகள். காக்கைக் கொடி. துடைப்பம். சில இடங்களில் கழுதை. உடம்பில் நகைகளும் தலையில் அலங்காரமும் உண்டு. யாரையும் மிரட்டும் ஆயுதம் இல்லை. கோரைப்பல் இல்லை, வெட்டிய தலை இல்லை. கொற்றவையின் கையிலும் காளியின் கையிலும் இருக்கும் எதுவும் இவள் கையில் இல்லை. ஆனாலும் அவர்களைக் கும்பிடுகிறோம், இவள் பெயரை வாயில் வைக்கவே அஞ்சுகிறோம்.

அப்படியானால் அச்சம் தருவது எது? பிள்ளை பெற்று, பால் கொடுத்து, வயதான உடம்பு. அதை மறைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் கோலம். எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டுக் கோயில் சிற்பங்களில் பிள்ளை பெற்ற உடம்பு பிள்ளை பெற்ற உடம்பாகவே தெரியும் பெண் தெய்வங்கள் மிகச் சில. அழகு குறையாத மார்பும் ஒடுங்கிய இடையுமாகத் தாய்மார்களைச் செதுக்கி வைத்த சிற்பிகளுக்கு நடுவே ஒருவன் மட்டும் தன் வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் செதுக்கியிருக்கிறான்.

துடைப்பத்துக்கு வருவோம். எங்கள் பக்கம் சீமாறு என்போம். அதை மிதித்தால் அம்மா திட்டுவாள். லட்சுமியாம். மூலையில் சாத்தி வைத்தால் லட்சுமி, கையில் எடுத்தால் மூதேவி என்றால் பொருள் மாறியது துடைப்பத்திலா? குப்பை அள்ளுகிறவளிடம்தான் குப்பையின் பெயர் ஒட்டுகிறது. நகராட்சிச் சீருடையில் அதிகாலைத் தெருவைக் கூட்டும் தலித் பெண்களுக்கு இந்தக் குறியீட்டை விளக்க என்னைப் போன்ற முனைவர் தேவையில்லை. காக்கை, இறந்தவர்களுக்குச் சோறு கொண்டுபோகும் பறவை. அமாவாசையன்று கூரையைப் பார்த்துக் கெஞ்சிக் கூப்பிடுகிறோம், மறுநாள் விரட்டுகிறோம். கழுதை, பொதி சுமக்கும். உழைப்பு, முதுமை, சாவு, சுமை. வீட்டுக்கு வேண்டும், ஆனால் கண்ணில் படக்கூடாது என்று ஒதுக்கியவை எல்லாம் இந்த ஒரு சீட்டில் சேர்ந்திருக்கின்றன.

அவள் பெயரும் ஓர் உறவுப் பெயர்தான். தவ்வை என்றால் அக்கா. மூதேவி என்றால் மூத்த தேவி. வடமொழியில் ஜேஷ்டை, தமிழில் சேட்டை. பாற்கடலில் இலக்குமிக்கு முன் பிறந்தவள் என்பதைத் தவிர அவள் செய்த குற்றம் எதையும் கதைகள் முதலில் சொல்வதில்லை. லிங்க புராணம் அவளைத் துச்சகன் என்ற முனிவனுக்குக் கட்டிவைக்கிறது. அவன் அவளை நடுவழியில் விட்டுவிட்டுப் போய்விடுகிறான், திரும்பி வரவே இல்லை. கைவிட்டவன் முனிவனாகவே இருக்கிறான், கைவிடப்பட்டவள் அமங்கலம் ஆகிறாள். அவள் குடியேறத் தக்க வீடுகள் எவை என்று அந்தப் புராணம் ஒரு பட்டியல் தருகிறது. கணவனும் மனைவியும் சண்டையிடும் வீடு அதில் உண்டு. பசித்த பிள்ளைகளைக் கண்டுகொள்ளாமல் பெரியவர்கள் தின்னும் வீடும் உண்டு. தின்றவர்கள் பெரியவர்கள். பெயர் மட்டும் மூதேவிக்கு. அதே புராணத்தில் பெண்கள் இடும் படையலில் அவள் வாழ்வாள் என்றும் வருகிறது. இந்த இடத்தை நம் கதாகாலட்சேபக்காரர்கள் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

பெண்கள் படையல் இட்டார்கள் என்பதற்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. திருப்பரங்குன்றத்துக் குடைவரையில் கி.பி. 773ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு ஒன்று உண்டு. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலம். அவனுடைய படைத்தலைவன் சாத்தன் கணபதி கோயிலையும் குளத்தையும் திருத்திய செய்தியைச் சொல்லிவிட்டு, அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்ததை அது பதிவு செய்கிறது. செல்வமும் செல்வாக்கும் உள்ள வீட்டுப் பெண் ஒருத்தி, தன் பெயரைக் கல்லில் பொறிக்கும் உரிமை உள்ளவள், மூதேவிக்குக் கோயில் எடுத்திருக்கிறாள். வறுமை வந்துவிடும் என்று அவள் அஞ்சியதாகத் தெரியவில்லை. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளும் ஊர்களின் இறையிலி நிலங்களைக் கணக்கிடும்போது பிடாரி கோயில், ஐயன் கோயில் ஆகியவற்றோடு சேட்டையார் கோயிலையும் எண்ணுகின்றன. 'யார்' விகுதியோடு, மரியாதையாக.

அவளை ஏளனம் செய்த குரல்களும் பழையவையே. அதை மறைத்துவிட்டு ஒரு பொற்காலம் கட்ட எனக்கு விருப்பமில்லை. வள்ளுவர் பொறாமைக்காரன் வீட்டுக்கு வருபவளாகத் தவ்வையைச் சொல்கிறார், சோம்பலில் குடியிருப்பவளாக முகடியைச் சொல்கிறார். தங்கைக்கு அவர் தரும் பெயர் செய்யவள், சிவந்தவள். அக்காவின் நிறம் என்னவாக இருக்கும் என்பதைப் படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். கறுத்த பெண்ணை மூதேவி என்று திட்டும் வழக்கத்துக்கு வேர் எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில் சேட்டையிடம் செல்வம் கேட்டுக் காத்திருப்பவர்களைக் கேலி செய்கிறார். கேலி செய்யும் அளவுக்குக் கூட்டம் அவளிடம் செல்வம் கேட்டுப் போயிருக்கிறது என்று அதிலிருந்து தெரிகிறது. செல்வம் தந்தவள் எப்படி வறுமையின் தேவியானாள் என்ற கேள்வியைச் சமய வரலாறு எழுதியவர்களில் பெரும்பாலோர் கேட்டதில்லை.

இனிக் கேட்டைக்கு வருகிறேன். வடமொழியில் அந்த நட்சத்திரத்தின் பெயர் ஜேஷ்டா. அக்காவின் பெயரேதான். மண்ணில் புதைத்தவளை வானத்தில் புதைக்க முடியவில்லை. 27இல் ஒருத்தியாக அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவள் கீழ் பிறந்த பெண்ணைக் கல்யாணச் சந்தையில் என்ன செய்கிறார்கள் என்பது இதைப் படிக்கும் எல்லாருக்கும் தெரியும். கேட்டைப் பெண் கணவனின் அண்ணனுக்கு ஆகாது. விசாகம் கணவனின் தம்பிக்கு ஆகாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. மூலம் மாமனாருக்கு ஆகாது. ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று எதுகை மோனையோடு ஒரு பழமொழியே உண்டு. ஒரே நட்சத்திரம், ஒரே வானம். குழந்தையின் கால்களுக்கு இடையில் பார்த்துவிட்டுப் பலன் எழுதுகிறார்கள்.

டாரட் சீட்டிலிருந்து இது வேறுபடும் இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 13ஆம் சீட்டை எடுத்தவளுக்கு அது அவளுடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசும். பொய்யோ மெய்யோ, கேள்வி அவளுடையது, பதிலும் அவளுக்குத்தான். ஜாதகக் கட்டில் பெண்ணுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. கேட்டையில் பிறந்தவளுக்கு என்ன நேரும், அவள் எதை விரும்புவாள், எந்த வேலையில் சிறப்பாள் என்று யாரும் கேட்பதில்லை. இதுவரை முகமே பார்க்காத ஒருவனுடைய அண்ணனுக்கு அவளால் என்ன நேரும் என்பதுதான் பலன். சீட்டை எடுப்பவள் அவள் இல்லை. அவளே சீட்டாகிக் கிடக்கிறாள், மாப்பிள்ளை வீடு எடுத்துப் பார்த்துவிட்டு அடுக்கில் திருப்பி வைக்கிறது.

இதற்குப் பரிகாரமாக நடப்பதைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மூலப் பெண்ணுக்கு மாமனார் இல்லாத வீடாகப் பார்க்கிறார்கள். ஆயில்யப் பெண்ணுக்கு மாமியார் இல்லாத வீடு. ஒரு சாவு முன்கூட்டியே நடந்து முடிந்திருப்பது அந்தச் சம்பந்தத்துக்குத் தகுதியாகிறது. "பையனுக்கு அப்பா தவறிட்டாருங்க" என்று தரகர் சொல்லும்போது பெண் வீட்டார் முகத்தில் தெரியும் நிம்மதியை நானே பார்த்திருக்கிறேன். கேட்டைப் பெண்ணுக்கு மூத்த பையனாகத் தேடுகிறார்கள், அண்ணன் இருந்தால்தானே ஆகாது. என் மாணவிக்கு வந்த வரன்களில் மூன்று இப்படித் தட்டிப்போயின. நான்காவது இடத்தில் மாப்பிள்ளைக்கு அண்ணன் இருந்தான். அவர்கள் கேட்டையின் எந்தப் பாதம் என்று கேட்டார்கள். குறிப்பிட்ட பாதத்துக்குத் தோஷமில்லை என்று ஒரு ஜோசியர் சொல்வார். பெண் வீட்டார் இன்னும் பதினைந்து பவுன் போட்டால் அந்தப் பாதம் உறுதியாகிவிடும். போடாவிட்டால் "ஜாதகம் பொருந்தலைங்க" என்று மரியாதையாக எழுந்து போகலாம். வரதட்சணை போதவில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. 1961இலேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டதல்லவா. நட்சத்திரத்துக்குத் தடை இல்லை.

மரணச் சீட்டு மாற்றச் சீட்டாவதும் கேட்டை தோஷம் கேட்டைப் பாதமாவதும் ஒரே வித்தைதான். விளக்கம் நெகிழ்கிறது. எதற்காக நெகிழ்கிறது, யார் காசுக்கு நெகிழ்கிறது என்று பார்த்தால் போதும். சீட்டு எடுக்க வரும் பெண் பணம் தருகிறாள், அவளுக்கு ஆறுதலான பொருள் கிடைக்கிறது. ஜாதகத்தில் காசு கைமாறும் திசை வேறு, அதனால் பொருளும் வேறு. படத்திலும் நட்சத்திரத்திலும் இதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

டாரட்டுக்குப் போகும் பெண்களை நான் கேலி செய்யவில்லை. சம்பாதிக்கும் பெண்கள், படித்த பெண்கள் போகிறார்கள். அரைமணி நேரம் ஒருத்தர் எதிரில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். நம் வீடுகளில் எத்தனை பெண்களுக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது? எனக்கு எரிச்சல் தருவது அந்த அரைமணிக்குப் பிறகு வருவது. "பழசை விட்டுடுங்க, மாற்றத்தை ஏத்துக்குங்க" என்கிறார்கள். அடிக்கும் கணவனும் பிடித்தம் செய்யும் முதலாளியும் மாறவேண்டியதில்லை, இவள் மனம் மாறினால் சரியாகிவிடும். சீட்டில் விழுந்து கிடக்கும் அரசனைப் பற்றி யாராவது வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா? பமேலா வரைந்த படத்தில் மரணத்தின் குதிரை முதலில் கிரீடம் வைத்தவனைத் தள்ளியிருக்கிறது. அதை விட்டுவிட்டு ரோஜாவைக் காட்டுகிறார்கள்.

இன்னொரு பக்கம், மூதேவிதான் தமிழரின் ஆதித் தாய், வளமையின் தெய்வம், வடவர் வந்து கெடுத்தார்கள் என்று கிளம்பியிருக்கும் கூட்டம். ஏரிக்கரைச் சிலையைக் கழுவி, மஞ்சள் பூசி, பட்டுக் கட்டிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். சிலை காப்பாற்றப்பட்டால் நல்லதே. ஆனால் பட்டுக் கட்டியவுடன் அவளையும் லட்சுமியாக்கிவிடுகிறோம். மங்கலமாக்கினால்தான் மதிப்பு என்றால் தாலியில்லாதவளை, பிள்ளையில்லாதவளை, தூங்க விரும்புகிறவளை எந்தக் கணக்கில் வைப்பது? அந்தப் படத்தைப் பகிர்கிறவரே மாலையில் மகளை "மூதேவி, போனை வை" என்கிறார். கல்லுக்கு மாலை போட்டதில் சொல்லுக்கு ஒன்றும் நேரவில்லை.

பகுத்தறிவு பேசிய மண்ணில் இது எப்படி என்று வெளிமாநிலத் தோழி ஒருத்தி கேட்டாள். 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்த சட்டமன்றம் நம்முடையது. புரோகிதரும் முகூர்த்தமும் இல்லாமல் நடந்த அப்படிப்பட்ட திருமணங்களில் நானே வாழ்த்துரை வழங்கியிருக்கிறேன். மேடையில் மந்திரம் இல்லை. மேடைக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பே பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்திருந்தார்கள் என்பதைப் பந்தியில் உட்கார்ந்தபோது பெண்ணின் அத்தை என் காதில் சொன்னார். மேடையில் இருந்த புரோகிதர் கண்ணில் பட்டார், எதிர்த்தோம். அலமாரியில் இருந்த ஜாதகக் கட்டு பெண்கள் பக்கத்து விவகாரம் என்று விட்டுவிட்டோம். பிறகு 2001இல் பல்கலைக்கழக மானியக் குழுவே சோதிடத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்க முன்வந்தது. எதிர்த்துப் போட்ட வழக்கை 2004இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசமைப்பின் 51ஏ பிரிவு சொல்கிறது. கடமை என்று மட்டுமே சொல்கிறது.

அந்த மாணவியின் அம்மா ஒருநாள் என்னைத் தேடி வந்தார். முதுகலைப் படிப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்க வந்திருந்தார், படிப்பு ஏற ஏற மூத்த பையனாகக் கிடைப்பது இன்னும் கஷ்டமாம். நான் வாதாடவில்லை. உங்கள் மாமியார் உங்களை எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "இவ பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு 'மூதேவி மூதேவியப் பெத்துருக்கா'ன்னு சொன்னாங்க மேடம். அவங்களுக்கு எங்க ரெண்டு பேரு நட்சத்திரமும் அப்பத் தெரியாது." கடைசி வாக்கியத்தை அவர் மெதுவாகச் சொன்னார், சொல்லிவிட்டுத் தானே கேட்டுக்கொண்டவர் போல நிமிர்ந்து பார்த்தார். படிப்பு தொடர்கிறது. வரன் பார்ப்பதும் தொடர்கிறது, அதை நான் மறைக்கப்போவதில்லை.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. நம் துறைத் தேர்வுகளில் 'தவ்வை: குறிப்பு வரைக' என்று இரண்டு மதிப்பெண் வினா வருவதுண்டு. கடையில் விற்கும் வினா–விடை நூலில் விடை தயாராக இருக்கும்: மூதேவி, இலக்குமியின் தமக்கை, வறுமைக்கும் சோம்பலுக்கும் உரிய தெய்வம். என் வகுப்பில் அந்த விடைக்கு ஒரு மதிப்பெண்தான். இன்னொரு மதிப்பெண்ணுக்கு, கி.பி. 773இல் திருப்பரங்குன்றத்தில் அவளுக்குக் கோயில் எடுத்தவர் பெயர் நக்கன் கொற்றி என்று எழுதவேண்டும். வேறு கல்லூரியில் எழுதி மதிப்பெண் குறைந்தால், திருத்தியவரிடம் போய் ஏன் என்று கேளுங்கள்.